பங்கு கேட்டவள்: 'நாகம்மாள்' புதினமும் கொங்கு உழுகுடிப் பெண்ணின் நிலவுரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) தமிழின் வட்டாரப் புதினங்களுக்கு முன்னோடி என்னும் மதிப்பைப் பெற்றது. அம்மதிப்பே அதன் மையப் பொருளாகிய நிலப்பங்கு கோரிக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. நாகம்மாளின் கோரிக்கை பிறர் தூண்டுதலால் எழுந்ததென்னும் வழக்கமான வாசிப்பை இக்கட்டுரை மறுக்கிறது. புதினம் வெளிவந்த காலத்தில் கைம்பெண்ணின் வேளாண் நில உரிமை குறித்துச் சட்டம் நின்ற நிலையை முன்வைத்து, கெட்டியப்பன் என்னும் பாத்திரத்தின் தேவையை விளக்க முற்படுகிறது. குடியேற்றக்கால அமெரிக்காவின் பெருந்தோட்ட உடைமைப் பெண்ணான எலைசா லூகாஸ் பின்க்னியின் வாழ்வும், இன்றைய அவிநாசிப் பகுதியின் சொத்து நடைமுறைகளும் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நாகம்மாள், கொங்கு வட்டாரம், நிலவுரிமை, கைம்பெண், பங்காளி, பண்ணையாள், விடுதலைப் பத்திரம்

முன்னுரை

தாராபுரத்தை அடுத்த கீரனூரில் 1917ஆம் ஆண்டு பிறந்த ஆர். சண்முகசுந்தரம் தம் இருபத்தைந்தாம் வயதளவில் வெளியிட்ட புதினம் 'நாகம்மாள்'. கணவனை இழந்த நாகம்மாள், மகள் முத்தாயியுடன், கணவனின் உடன்பிறந்தான் சின்னப்பன் வீட்டில் வாழ்கிறாள். குடும்பத்தின் நிலத்தில் தனக்குரிய பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். ஊரில் முரடன் எனப் பெயரெடுத்த கெட்டியப்பன் அவளுக்குத் துணை நிற்கிறான். கோரிக்கை பகையாகி, சின்னப்பன் கொலையுண்பதில் கதை முடிகிறது. கதைச்சுருக்கம் இவ்வளவே. பக்க அளவிலும் சிறிய நூல்தான்.

இந்நூலைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் மூன்று செய்திகளைப் பாராட்டி அமைகின்றன. கொங்குப் பேச்சுவழக்கைப் புதினத்திற்குள் கொணர்ந்தது ஒன்று; சிற்றூர் வாழ்வைப் புனைவு மெருகின்றிக் காட்டியது மற்றொன்று; கைம்பெண்ணை அழுகைப் பொருளாக்காமல் அடங்காத மனவுறுதி கொண்டவளாகப் படைத்தது இன்னொன்று. க. நா. சுப்ரமண்யம் இந்நூலை உயர்த்திப் பேசியதன் பின்னர் இம்மதிப்பீடு நிலைபெற்றுவிட்டது. மூன்றும் உண்மையே. ஆயினும் அவள் எதைக் கேட்டாள், அதைக் கேட்கச் சட்டத்திலோ வழக்கத்திலோ அவளுக்கு இடம் இருந்ததா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. மொழி வட்டாரத்தைச் சார்ந்ததென்பதால் சிக்கலும் வட்டாரத்தைச் சார்ந்ததே என்று கொள்ளப்பட்டது. அவ்வாறு கொண்டமையால், மாகாணம் முழுவதும் சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் வழக்காடப்பட்டுக்கொண்டிருந்த ஒரு வினா, ஒரு சிற்றூரின் குடும்பச் சண்டையாகச் சுருங்கிப்போயிற்று.

தோட்டம் என்னும் சொல்

கொங்கு வழக்கில் நிலம் என்பது ஒருதன்மைத்தன்று. மழையை மட்டுமே நம்பியது காடு அல்லது மேட்டாங்காடு. கிணற்றுப் பாசனமுடையது தோட்டம். ஆற்றுப்பாசன வயல் கொங்கில் குறுகிய பகுதிகளுக்கே உரியது. நொய்யலுக்கு வடக்கே அவிநாசியைச் சூழ்ந்த ஊர்களிலும் தெற்கே தாராபுரம், காங்கயம் பக்கத்து ஊர்களிலும் ஒரு குடும்பத்தின் நிலையைத் தீர்மானித்தது தோட்டத்தின் கிணறே. பாறையை உடைத்து ஆழப்படுத்திய கிணறு, கவலை பூட்ட இரண்டு எருதுகள், எருதுகளை ஓட்ட ஓர் ஆள் ஆகிய மூன்றும் இல்லாதவன் தோட்டக்காரன் அல்லன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய கம்போடியாப் பருத்தி இத்தோட்டங்களின் மதிப்பை உயர்த்தியது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்து ஆலைகள் பெருகியபோது பருத்தியின் தேவை மேலும் கூடியது. 'நாகம்மாள்' எழுதப்பட்ட காலம் நிலத்தின் விலை குறித்த உணர்வு சிற்றூர்தோறும் கூர்மையடைந்திருந்த காலமாகும்.

ஆகவே கொங்கு நாட்டில் தோட்டத்தைப் பங்கு பிரித்தல் என்பது பரப்பைப் பிரிப்பதோடு முடிவதன்று. கிணற்றைப் பிரிக்க வேண்டும். கிணற்றைப் பிரிக்க இயலாது. எனவே நீர் இறைக்கும் முறை நாளைப் பிரிக்க வேண்டும். பங்கு பெற்றவர் ஒவ்வொரு முறையும் கிணற்றடியில் மற்றவரை எதிர்கொண்டே ஆக வேண்டும். பாகப்பிரிவினைக்குப் பின்னும் தொடரும் கொங்குப் பகைகள் பலவற்றுக்கு வேர் இங்கேயுள்ளது. கைம்பெண் ஒருத்தி தனித்துத் தோட்டம் நடத்துவதென்றால் நீர்முறையிலும் வண்டித்தடத்திலும் வரப்பிலும் அவள் ஆண்களோடு நேர்நின்று பேச வேண்டும். அவளுடைய கோரிக்கைக்கு எழும் எதிர்ப்பில் பொருளிழப்பு பற்றிய அச்சத்தோடு இக்காட்சி பற்றிய ஒவ்வாமையும் கலந்துள்ளது.

எழுதி வைத்தவள்

தோட்டம் என்னும் இதே சொல்லோடு 'பெரு' என்னும் அடை சேர்ந்தால் தமிழர் நினைவுக்கு வருவன இலங்கை மலையகமும் வால்பாறையுமே. அங்கே கூலிகளாக வாழ்ந்த தமிழ்ப் பெண்களைப் பற்றி ஆய்வுகள் வந்துள்ளன. பெருந்தோட்டத்தின் உடைமையாளர் தரப்பில் நின்ற பெண்ணை அறிய அமெரிக்கக் குடியேற்றங்களை நோக்கலாம். 1722இல் கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் பிறந்த எலைசா லூகாஸ், 1738இல் குடும்பத்துடன் தென் கரோலினாவில் குடியேறினார். மறு ஆண்டு போர்ச் சூழலால் தந்தை ஜார்ஜ் லூகாஸ் ஆன்டிகுவாவுக்குத் திரும்பவே, பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணின் கைக்கு வாப்பூ உள்ளிட்ட மூன்று பெருந்தோட்டங்களின் மேற்பார்வை வந்தது. அவர் அவுரி பயிரிட்டுச் சாயம் எடுக்கும் முயற்சியில் இறங்கினார். சில தோல்விகளுக்குப் பின் 1744அளவில் வெற்றி கண்டார். 1748இல் பிரித்தானிய நாடாளுமன்றம் குடியேற்றங்களின் அவுரிச் சாயத்துக்கு ஊக்கத்தொகை அறிவித்தது. அமெரிக்கா விடுதலை பெற்று அந்த ஊக்கத்தொகை நின்றபின் பிரித்தானியர் வங்காளத்து அவுரியை நாடியதும், அது 1859இல் வங்க உழவர் கிளர்ச்சியில் முடிந்ததும் இந்திய வரலாறு.

எலைசா தாம் எழுதிய கடிதங்களின் படிகளை ஓர் ஏட்டில் பதிந்து வைத்தார். 1739 முதல் 1762 வரையிலான அப்பதிவுகள் 1972இல் நூலாயின. அவற்றின் வழியே அவர் வரலாற்றில் நிலைபெற்றார். 1793இல் அவர் இறந்தபோது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் அவருடைய சவப்பெட்டியை ஏந்தியவர்களுள் ஒருவராக நின்றார்.

இவ்வாழ்வை வெற்றிக்கதையாகச் சொல்வது எளிது. பலர் அவ்வாறே சொல்லியுள்ளனர். உடைமை என்னும் நோக்கில் பார்த்தால் கதை வேறு. மணமாகாத பெண்ணாக அவர் நடத்தியது தந்தையின் நிலம். 1744இல் சார்ல்ஸ் பின்க்னியை மணந்தபின், அக்கால ஆங்கிலப் பொதுச்சட்டப்படி மனைவியின் சட்ட ஆளுமை கணவனுக்குள் அடக்கம். 1758இல் கணவர் இறந்தபின் அவர் மேலாண்மை செய்தது கணவரின் சொத்து. கைம்பெண்ணுக்கு அச்சட்டம் உறுதிசெய்த உரிமை, கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் வரை நுகர்வது. விற்கவோ பிறருக்கு விட்டுச்செல்லவோ அப்பங்கு அவளுடையதன்று. நடத்தும் திறன் பெண்ணுக்கு இருந்தது. உடைமைப் பெயர் ஆணுக்கு இருந்தது. அந்த மூன்றில் ஒரு பங்கு நுகர்வுரிமைகூட இல்லாத இடத்தில் நின்றவள் நாகம்மாள்.

1942இல் சட்டம் நின்ற இடம்

மிதாட்சர முறைப்படி பிரியாத குடும்பத்தில் ஆண் ஒருவன் ஆண்மக்களின்றி இறந்தால் அவனுடைய பங்கு எஞ்சிய ஆண்களைச் சேரும். கைம்பெண்ணுக்கு உரியது சீவனாம்சம் மட்டுமே. உண்ண உணவும் உடுக்க உடையும் தங்க இடமும் கேட்கலாம். நிலத்தைப் பிரித்துக் கேட்க இயலாது. இந்நிலையை மாற்ற, ஜி. வி. தேஷ்முக் கொண்டுவந்த முன்வரைவின் பயனாக 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் நிறைவேறியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் கணவனுக்கிருந்த உரிமை கைம்பெண்ணுக்கும் உண்டென்றும், ஆணைப் போலவே அவள் பாகப்பிரிவினை கோரலாமென்றும் அச்சட்டம் கூறியது. கிடைப்பது வரையறுக்கப்பட்ட உரிமைதான் என்றாலும் அது பெரிய மாற்றமே.

ஆனால் 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம், அச்சட்டம் மாகாணங்களின் வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது என்று கருத்துரைத்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி வேளாண் நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதே அதன் அடிப்படை. சென்னை மாகாணம் 1947இல்தான் தனிச் சட்டம் இயற்றி அவ்வுரிமையை வேளாண் நிலத்துக்கு நீட்டித்தது. சென்னை நகரில் வீடும் வைப்புத்தொகையும் விட்டுச்சென்றவனின் மனைவி 1942இல் பங்கு கேட்டு வழக்கிடலாம். தோட்டமும் காடும் விட்டுச்சென்றவனின் மனைவி வழக்கிட முடியாது. சொத்தென்றாலே நிலம் என்றிருந்த கொங்குச் சிற்றூருக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் வந்தும் வராததாயிற்று.

நாகம்மாளின் கணவன் 1937க்கு முன் இறந்திருந்தால் சட்டம் அவளுக்குப் பொருந்தாது, அது முன்தேதியிட்டுச் செயற்படுவதன்று. பின் இறந்திருந்தாலும், குடும்பச் சொத்து வேளாண் நிலமாதலால் பொருந்தாது. எவ்வழியிலும் புதினத்தின் முதல் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடிய சட்டத்தில் அவளுக்குத் தோட்டத்தின் ஒரு வரப்பும் உரியதன்று. சண்முகசுந்தரம் சட்ட நூல்களைப் புரட்டி எழுதினார் என்று சொல்ல வேண்டியதில்லை. தம்மைச் சுற்றியிருந்த குடும்பங்களில் கைம்பெண்கள் நடத்தப்பட்ட விதத்தை அவர் கண்டிருந்தாலே போதும்.

இங்கு முத்தாயியை மறந்துவிடக் கூடாது. அவள் ஆணாகப் பிறந்திருந்தால் தந்தையின் பங்கு பிறப்பாலேயே அவனுடையது. சிறுவனுக்குக் காப்பாளராக நின்று நாகம்மாள் பாகம் பிரித்துக் கேட்டிருக்க முடியும். ஊரும் அதை இயல்பாகவே கொண்டிருக்கும். புதினத்தின் வன்முறை முழுவதும் ஒரு குழந்தை பெண்ணாகப் பிறந்த செய்தியின் மேல் நிற்கிறது. தாயின் பிடிவாதத்தைப் பேசும் திறனாய்வுகள் மகளை ஓரத்துப் பாத்திரமாகக் கடந்து சென்றுவிடுகின்றன.

கெட்டியப்பன் ஏன் வேண்டும்

நாகம்மாளைக் கெட்டியப்பன் தூண்டினான், அவனோடு அவளுக்கிருந்த நெருக்கமே கோரிக்கைக்குக் காரணம் என்பது பரவலான வாசிப்பு. கதையுலகில் ஊர் இவ்வாறு பேசுகிறது; கதைசொல்லியும் சில இடங்களில் ஊரின் குரலோடு தன் குரலை இழைத்துவிடுகிறார். திறனாய்வாளரும் ஊராருடன் சேர்ந்துகொள்வதே வியப்பு.

நீதிமன்றம் மூடியிருக்கும்போது பங்கு கேட்பவளுக்கு எஞ்சும் வழிகள் இரண்டு. ஒன்று, மணியக்காரர் போன்ற ஊர்ப்பெரியவர்களின் மத்தியஸ்தம். அவர்கள் ஆண்கள், நிலமுடையோர், தம் வீட்டுக் கைம்பெண்களும் இதே வினாவை எழுப்பக்கூடும் என்பதை அறிந்தோர். அவர்களுள் எவரேனும் அவளை ஆதரித்தால் அதற்குச் சின்னப்பனோடுள்ள சொந்தக் கணக்கே காரணமாக இருக்கும். மற்றொன்று, உடல் வலிமை. உழுதுகொண்டிருப்பவனைத் தடுத்து நிறுத்தி நிலத்தில் கால்வைக்கும் வலிமை அது. இவ்வலிமையைக் கடன் கொடுக்கக்கூடியவன் ஊரில் மதிப்புள்ளவனாக இருக்க முடியாது. மதிப்புள்ளவன் பிறர் குடும்பப் பங்கில் தலையிடமாட்டான். எனவே கெட்டியப்பன் போன்ற ஒருவனே கிடைப்பான். அவன் காரணமல்லன், சட்டம் விட்டுவைத்த வெற்றிடத்தில் கிடைத்த கருவி. கருவிக்குச் சொந்த விருப்பமும் இருந்தது என்பதே அவலம்.

கொலைக்குப் பின் நிலம் யாருக்குச் செல்லும் என்று புதினம் கூறுவதில்லை. அன்றைய சட்டத்தைப் பொருத்திப் பார்த்தால் விடை கிடைக்கிறது. சின்னப்பனுக்கு ஆண்மகன் இருந்தால் நிலம் அவனுடையது. இல்லையெனில், இறுதியாக உடைமை வகித்த ஆணின் மனைவி என்னும் நிலையில் இராமாயிக்கு வாழ்நாள் உரிமையாகச் செல்லும். முன்னரே இறந்தவனின் மனைவியாகிய நாகம்மாளுக்கு அப்போதும் சீவனாம்சமே. கெட்டியப்பனின் தடி நாகம்மாளுக்கு எதையும் ஈட்டித் தராது. ஈட்டித் தந்தால் அது இராமாயிக்கே. புதினம் இதைச் சொல்லாமல் கொலையோடு நின்றுவிடுவது கலைச்சிக்கனம் எனப் பாராட்டப்படுவதுண்டு. அது ஓரளவே சரி. கொலையில் முடித்ததன் மூலம், பங்கு கேட்டல் என்னும் செயலுக்கே கொலை விளைவு என்ற பொருளும் ஒட்டிக்கொள்கிறது. சண்முகசுந்தரத்தின் பரிவு நாகம்மாள்பால் இருந்தும், கட்டமைப்பு ஊரின் தீர்ப்புக்குத் துணைபோகிறது. இந்நூலின் உண்மையான குறை இதுவே. நடையின் எளிமை குறித்துச் சொல்லப்படும் குறைகள் பொருட்படுத்தத் தக்கன அல்ல.

ஓரகத்தியும் பங்காளியும்

உறவுப்பெயர்கள் இங்கே உதவுகின்றன. ஒரே குலத்து ஆண்கள் பங்காளிகள்; பெயரிலேயே பங்கு உள்ளது. பங்காளி என்பதற்குப் பெண்பால் வடிவம் வழக்கில் இல்லை. அக்குடும்பத்துக்கு மணமாகி வந்த பெண்கள் ஒருவருக்கொருவர் ஓரகத்தி. ஓர் அகத்தில் இருப்பவள் என்று அச்சொல் பொருள்தரும். ஆணின் பெயர் பங்கைச் சுட்ட, பெண்ணின் பெயர் கூரையைச் சுட்டுகிறது. நாகம்மாள் ஓரகத்தி என்னும் நிலையிலிருந்து பங்காளி என்னும் நிலைக்கு நகர முயன்றவள். மொழியில் இல்லாத இடத்தை அவள் கேட்டாள் எனலாம்.

இராமாயி நாகம்மாளுக்கு எதிர்நிலைப் பாத்திரமாக, நல்ல பெண்ணாக, பெரும்பாலும் வாசிக்கப்படுகிறாள். ஆனால் சின்னப்பனை நிலத்தை விற்றுத் தன் ஊருக்கு வந்துவிடச் சொல்பவள் இராமாயியின் தாய். தோட்டத்தின் எதிர்காலம் குறித்து அவளும் கணக்கிடுகிறாள். மருமகனின் பெயர் வழியாகக் கணக்கிடுவதால் அது பேராசையாகத் தோன்றுவதில்லை. விற்பனைப் பேச்சில் நாகம்மாளிடம் கருத்துக் கேட்கப்படாமையே அவளுடைய கோரிக்கையை அவசரப்படுத்துகிறது. நிலம் விற்கப்பட்டால் சீவனாம்சத்தின் ஆதாரமும் போய்விடும் என்பது எளிய அறிவு. பேராசை என்று பெயரிடப்பட்டது பெரும்பாலும் தற்காப்பே.

கொங்கு வாய்மொழி மரபும் இவ்வகையில் நோக்கத்தக்கது. அண்ணன்மார் கதையில் சகோதரர்கள் நிலத்துக்கும் எல்லைக்கும் போரிடுகின்றனர். தங்காள் வீட்டில் இருக்கிறாள், வரப்போவதை முன்னுணர்கிறாள், இறந்த அண்ணன்மாரைத் தேடிச் சென்று உயிர்ப்பிக்கிறாள். அவளுக்கு ஆற்றல் உண்டு, நிலம் இல்லை. கொங்குத் திருமணத்தில் மணமகனின் உடன்பிறந்தாள் செய்யும் இணைச்சீரும் உடன்பிறந்தாளின் உரிமையைச் சடங்காக ஏற்று, நிலமாக ஏற்பதைத் தவிர்க்கும் ஏற்பாடாகவே தோன்றுகிறது. பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட கொங்குச் சமூகம் பற்றிய நூல் இச்சடங்குகளை விரிவாகப் பதிந்துள்ளது. எனினும் சடங்கின் அழகில் சொத்தின் கணக்கு மறைந்துவிடக் கூடும்.

ஏவும் கை

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உரிமை மறுக்கப்பட்டவள் என்பதால் உடைமைக்குடிப் பெண் அதிகாரமற்றவள் ஆகிவிடமாட்டாள்.

எலைசாவின் அவுரித் தொட்டிகளில் நின்று உழைத்தோர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர். 18ஆம் நூற்றாண்டில் தென் கரோலினாவில் வெள்ளையரைவிட அவர்களே எண்ணிக்கையில் மிகுந்திருந்தனர். அவுரியை ஊறவைத்து, அடித்து, வண்டலிறக்கும் நுட்பத்தில் மேற்கு ஆப்பிரிக்க, கரீபிய அனுபவமுடைய உழைப்பாளர்களின் அறிவு பெரும்பங்கு வகித்தது என்பதைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். எலைசா கறுப்பினச் சிறுமியர் இருவருக்கு எழுத்தறிவிக்க விரும்பியதைக் கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவருடைய நற்பண்புக்குச் சான்றாக அது காட்டப்படுவதுண்டு. அச்சிறுமியரும் அவர் குடும்பத்தின் உடைமைப் பட்டியலில் எண்ணப்பட்டோரே என்பது உடன் சொல்லப்படுவதில்லை.

கொங்குத் தோட்டத்தின் பண்ணையாள் முறையை அந்த அடிமைமுறையோடு சமப்படுத்துவது வரலாற்றுப் பிழையாகும். மனிதரை விலைக்கு விற்கும் சந்தை கொங்குத் தோட்டத்தின் அடித்தளமன்று. எனினும் கடனாலும் சாதியாலும் கட்டுண்ட அருந்ததியர் உழைப்பின்றிக் கவலையும் இல்லை, பருத்தியும் இல்லை. அவ்வுழைப்பை அன்றாடம் ஏவியவர்களுள் வீட்டுப் பெண்கள் முக்கியமானவர்கள். கூழ் ஊற்றுவது, ஆட்டுக்கணக்குக் கேட்பது, வேலைக்கு விடப்பட்ட சிறுவனை விடியலில் எழுப்புவது யாவும் அவர்கள் பொறுப்பு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) ஆடுமேய்க்கும் தலித் சிறுவர்களின் பக்கத்திலிருந்து இவ்வுலகைக் காட்டுகிறது. 'நாகம்மா'ளில் ஆணின் நிழலில் நிற்கும் உழுகுடிப் பெண், 'கூளமாதாரி'யின் வாசலில் ஏவும் குரலாக நிற்கிறாள். இரு நூல்களையும் அருகருகே வைத்து வாசிக்காமல் இவ்வகுப்புப் பெண்ணின் வாழ்வு முழுமை பெறாது. அதே ஆசிரியரின் 'மாதொருபாகன்' (2010) பொன்னாளுக்குக் குழந்தையில்லை என்னும் ஏளனத்தின் பின்னே தோட்டம் யாருக்கு என்னும் வினாவும் நிற்பதைக் காட்டுகிறது. எழுபது ஆண்டு இடைவெளியில் இரு கொங்குப் புதினங்கள் ஒரே புள்ளியைத் தொடுகின்றன.

நாகம்மாள் பங்கு பெற்றிருந்தால் அவளுடைய தோட்டத்தையும் பண்ணையாட்களே உழுதிருப்பர். புதினம் அத்திசையில் பார்வையைச் செலுத்தவில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தபோது சாதி ஒழிப்பையும் அதே மேடையில் பேசியது. சண்முகசுந்தரம் ஈரோட்டுக்குத் தொலைவில் வாழ்ந்தவரல்லர். ஆயினும் அவ்வியக்கத்தின் சொல்லாடல் இந்நூலில் தடம் பதிக்கவில்லை. கதைமாந்தர் கொள்கை பேசாதது நூலுக்கு நம்பகத்தன்மை தருகிறது. உழைப்போர் பேசாதது அதன் எல்லையைக் காட்டுகிறது.

தோட்டத்திலிருந்து பின்னலாடைக்கு

கீரனூரும் அவிநாசியும் இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ளன. அவிநாசி வட்டத்தில் கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறுகளும் பொய்த்த பின், பல தலைமுறைகளாகக் கோரப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024இல் செயற்பாட்டுக்கு வந்தது. அதற்குள் தோட்டங்கள் பல, பின்னலாடைக் கூடங்களாகவும் வீட்டுமனைகளாகவும் மாறியிருந்தன. உழுகுடி இளைஞர்கள் திருப்பூரில் தொழிலாளராகத் தொடங்கி உரிமையாளரானதை ஆராய்ந்த ஷரத் சாரி, 2004இல் வெளிவந்த தம் நூலுக்கு உடன்பிறந்தார் மூலதனம் எனப் பொருள்படும் தலைப்பிட்டார். உடன்பிறந்த ஆண்களின் மூலதனம் என்பதே அதன் கருத்து. தோட்டத்தில் தாமே உழைத்தோம் என்னும் பெருமிதம் தொழிற்கூடத்துக்கும் இடம்பெயர்ந்தது. பங்காளிகளும் மைத்துனரும் பங்குதாரராயினர். பெண் வீட்டார் கொடுத்த நகையும் தொகையும் முதலீட்டில் கலந்தன. பெண்ணின் வழியே வந்த பணம் ஆணின் நிறுவனமாவது, தோட்டக் காலத்துக் கணக்கின் தொடர்ச்சியே.

சட்டம் இதற்கிடையில் வெகுதொலைவு வந்துவிட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணின் வரையறுக்கப்பட்ட உரிமையை முழு உரிமையாக்கியது. தமிழ்நாடு 1989ஆம் ஆண்டு முதல் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை வழங்கியது. 2005இல் நடுவண் அரசின் திருத்தம் மணமானோர், மணமாகாதோர் என்னும் வேறுபாட்டை நீக்கியது. அவ்வாண்டில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நாகம்மாள் இன்று சார்பு நீதிமன்றத்தில் வழக்கிடலாம். முத்தாயியும் தனியே வழக்கிடலாம்.

நடைமுறையில் வழக்குக்கு முன் விடுதலைப் பத்திரம் வந்துவிடுகிறது. மணத்தின்போது செய்த சீரும் நகையும் பெற்றுக்கொண்டதைக் காரணமாகக் காட்டி, பூர்வீகச் சொத்தில் தமக்குள்ள பாகத்தை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுப்பதாக மகள்கள் கையெழுத்திடும் ஆவணம் அது. உரிமை ஒன்று இருப்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட பின்னரே அதை விட்டுக்கொடுக்கும் ஆவணத்துக்குத் தேவை எழுந்தது. சொத்தின் மதிப்பு மனைவிலையில் கணக்கிடப்படும் அவிநாசிச் சாலையோர ஊர்களில் கையெழுத்தின் விலை எவ்வளவென்று அனைவருக்கும் தெரியும். கையெழுத்திட மறுப்பவள் கொலைக்குக் காரணமாவதில்லை. தாய்வீட்டுப் பொங்கல் சீர் நின்றுபோகிறது. பிள்ளைகளின் சடங்குகளுக்குத் தாய்மாமன் வருவதில்லை. நாகம்மாளைப் பற்றி ஊர் பேசிய அதே சொற்கள் அவளைப் பற்றியும் பேசப்படுகின்றன.

எலைசா தம் கைப்படக் கடித ஏட்டை விட்டுச் சென்றார். கொங்கு உழுகுடிப் பெண்களின் கைப்பட எஞ்சியிருப்பவற்றுள் பதிவு அலுவலகங்களில் அடுக்கப்பட்ட இக்கையெழுத்துகளும் பெருவிரல் ரேகைகளுமே மிகுதி. உடைமையைப் பெறும்போது அன்றி, விடும்போதே அவர்கள் பெயர் ஆவணம் ஏறியது. 'நாகம்மா'ளை வட்டார மொழியின் களஞ்சியமாக மட்டும் வைத்துப் பாடத்திட்டத்தில் நடத்திவரும் தமிழ்த்துறைகள், அந்நூலின் பக்கத்தில் 1940கள் முதலான பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களை வைத்து வாசிக்கலாம். அவற்றின் மொழியும் கொங்குத் தமிழே. தோட்டம், கிணறு, கவலைமுறை, வண்டித்தடம் என நான்கெல்லை சொல்லி, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று தொடங்குவன அவை.